அரசுப் பள்ளியில் ஃபைஃப்–டிரம் குழு: ஆசிரியர் முதலில், சீருடை கடைசியில்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறோம். விடுதலைப் போரின் 250ஆம் ஆண்டு நினைவையொட்டி, என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் மரபுவழி ஃபைஃப் (சிறு மரக்குழல்)–டிரம் குழு ஒன்று தொடங்கப் பெற்றோர் சங்கம் விரும்புகிறது. பள்ளியில் பேண்டு ஏற்கெனவே உண்டு. ஓரளவு நன்கொடை சேர்ந்திருக்கிறது. அதில் சீருடை தைக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். இது நடக்கக்கூடிய காரியமா? எங்கிருந்து தொடங்குவது? கர்நாடகப் புல்லாங்குழல் கற்றுவரும் என் மகளுக்கு ஃபைஃப் எளிதில் வருமா?

பதில்:

நடக்கும். ஆனால் சீருடைக்கு இப்போது ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். மூன்று முனைத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் கோட்டுமாகப் பத்து வயதுப் பிள்ளைகள் நிற்கும் படம் நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கும் என்பது உண்மைதான். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பாட்டுகூட ஒழுங்காக வாசிக்க வராது என்பதும் முதல் ஆண்டில் உண்மைதான். அந்தக் காலத்துப் படைப்பிரிவுகளில் வீரர்கள் நீலக் கோட்டில் சிவப்பு மடிப்பு வைத்திருந்தால், டிரம்காரர்கள் சிவப்புக் கோட்டில் நீல மடிப்பு வைத்திருப்பார்கள். வெடிமருந்துப் புகைக்கு நடுவே தளபதி தன் டிரம்காரரைத் தேடிப் பிடிக்க அந்த மாற்று நிறம் உதவியது. ஆணைகள் டிரம் ஒலியில்தான் போய்ச் சேர்ந்தன. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிவிடுங்கள். கோட்டைப் பிறகு தைக்கலாம். ஆறாம் வகுப்புப் பையன் ஒரு கோடை விடுமுறையில் இரண்டு அளவு வளர்ந்துவிடுவான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே நிற டி-ஷர்ட் போதும்.

பணம் போக வேண்டிய இடம் ஆசிரியர். இந்த விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ‘ஏன்ஷியன்ட்’ என்று சொல்லப்படும் பழைய பாணி ஃபைஃப்–டிரம் இசைக்குக் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் போன்ற தாய்மண் அமெரிக்காவில் வேறு இல்லை. மூடஸ் ஊரின் குழு 1860இல் தொடங்கியது; இன்றும் வாசிக்கிறது. 1965இல் உருவான ‘கம்பெனி ஆஃப் ஃபைஃபர்ஸ் அண்டு டிரம்மர்ஸ்’ அமைப்பின் தலைமையகமும் அருங்காட்சியகமும் ஐவரிடனில் இருக்கின்றன. டீப் ரிவர் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் ‘மஸ்டர்’ கூடலுக்குப் பல மாநிலங்களிலிருந்து குழுக்கள் வரும். அணிவகுப்பைவிட அது முடிந்த பின் கூடாரங்களுக்கு நடுவே தன்னிச்சையாக நடக்கும் கூட்டு வாசிப்பில்தான் ஆட்களைப் பழக முடியும். உங்கள் ஊரிலிருந்து காரில் போகும் தூரத்தில் யார் இருக்கிறார்கள், யாருக்குச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுமை இருக்கிறது என்று அங்கே விசாரியுங்கள். ஃபைஃபுக்கு ஒருவர், டிரம்முக்கு ஒருவர், வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம். இந்த இரண்டு பேர் கிடைக்காத வரை வேறெதையும் வாங்காதீர்கள்.

‘பள்ளியில் பேண்டு மாஸ்டர் இருக்கிறாரே, அவரே கற்றுக்கொடுக்கலாமே’ என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அவருக்கு இசை தெரியும். இந்தப் பாணி தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஏன்ஷியன்ட் குழுக்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 தட்டு என்ற கணக்கிலோ, அதைவிட மெதுவாகவோ நடக்கின்றன. பள்ளிப் பேண்டுகள் பழகிய 120-க்கும் மேற்பட்ட வேகத்தில் இந்த மெட்டுகளை வாசித்தால் டிரம்மின் நுணுக்கமெல்லாம் கரைந்து வெறும் இரைச்சல் மிஞ்சும். டிரம்மின் உருட்டல்கூட வேறு. ஆர்க்கெஸ்ட்ராவில் குச்சியை அழுத்தி மணல் சரிவதுபோல் ஒலிக்கச் செய்வார்கள். இங்கே ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும்.

ஆனாலும் பேண்டு மாஸ்டரை முதல் நாளே உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய டிரம் பிள்ளைகளையும் புல்லாங்குழல் பிள்ளைகளையும் நீங்கள் கொண்டுபோய்விடுவீர்கள் என்பதுதான் அவர் பயம். அது நியாயமான பயமும்கூட. பேண்டு ஒத்திகை நாளில் உங்கள் பயிற்சி இருக்காது என்று எழுதிக் கொடுங்கள். அவருக்கு லாபம் உண்டு என்பதையும் சொல்லுங்கள். 1933இல் சிகாகோவில் கூடிய டிரம்காரர்கள் தொகுத்த அடிப்படைத் தட்டுகளின் பட்டியல்தான் இன்றைய பள்ளிப் பேண்டு டிரம் பயிற்சிக்கும் அடித்தளம். அதன் வேர் இந்த ராணுவ டிரம் மரபு. உங்களிடம் ஒரு வருடம் பழகிய பிள்ளை அவருடைய பேண்டில் நல்ல கையோடு போய் உட்காரும்.

பாடவேளைக்குள் இதை நுழைக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளி நேரம் முடிந்தபின் நடக்கும் மன்றமாகவே தொடங்குங்கள். அமெரிக்காவில் புகழ்பெற்ற சிறுவர் குழுக்கள் பெரும்பாலும் பள்ளிகளுடையவை அல்ல. கலோனியல் வில்லியம்ஸ்பர்க் குழு 1958இல் ஓர் அருங்காட்சியக நகரத்தின் நிழலில் பிறந்தது. பத்து வயதில் சேரும் பிள்ளை பள்ளிப் படிப்பு முடியும்வரை அதில் இருக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் டிகோண்டரோகா கோட்டை 1926இல் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு தன் குழுவை அமைத்தது. இவற்றுக்கு இருக்கும் நீண்ட காலம் நடுநிலைப் பள்ளிக்கு இல்லை. பிள்ளைக்கு ஓரளவு வாசிக்க வருவதற்கே ஒன்றரை ஆண்டு ஆகும்; நன்றாக வாசிக்கத் தொடங்கும்போது எட்டாம் வகுப்பு முடிந்து வேறு கட்டடத்துக்குப் போய்விடும். பள்ளிக் குழுக்கள் மடிவது பெரும்பாலும் பணம் இல்லாமல் அல்ல, இந்தக் கசிவினால்தான்.

இதற்கு மருந்தையும் இந்த மரபே வைத்திருக்கிறது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் திருவிழாவுக்கு வாசிக்கும் சங்கங்கள் பிள்ளைகளுக்கென்றே ‘இளம் காவல்’ என்று தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. அங்கே தேறியவர்கள்தான் பெரியவர் அணிக்குப் போகிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஊர் விளக்கெல்லாம் அணைய, அந்தச் சங்கங்கள் விளக்கேந்தி வாசித்தபடி புறப்படுவதை ஒருமுறை காணொளியிலாவது பாருங்கள். உங்கள் பள்ளியிலும் ஐந்தாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றிடமும் ஒரு புதிய பிள்ளையை ஒப்படையுங்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போனவர்கள் திரும்பி வந்து கற்றுக்கொடுக்கலாம் என்று விதியிலேயே எழுதிவையுங்கள். அந்த நேரத்தைச் சமூக சேவை நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று உயர்நிலைப் பள்ளியில் கேளுங்கள். பக்கத்து ஊரில் சிறுவர் குழு இருந்தால் அதோடு போட்டி போடாமல் அதற்கு நாற்றங்கால் ஆகிவிடுங்கள்.

இனி உங்கள் மகள். அவளுக்குப் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாயிற்று. ஃபைஃப் என்பது சாவிகள் இல்லாத, ஆறு விரல் துளைகள் கொண்ட, பக்கவாட்டில் ஊதும் சிறிய மரக்குழல். மற்றப் பிள்ளைகள் முதல் மாதம் முழுக்க ஒரு சத்தம் வரவழைக்கவே படாதபாடு படுவார்கள்; சிலருக்குத் தலை சுற்றும். (மூச்சு வீணாவதால் வருவது; உட்கார வைத்து, இரண்டு நிமிடம் ஊதினால் இரண்டு நிமிடம் ஓய்வு என்று வைத்தால் சரியாகிவிடும்.) உதட்டுக்கும் துளைக்கும் உள்ள உறவு உங்கள் மகளுக்குத் தெரியும். துளையை விரலின் சதையால் மூடவும் தெரியும்.

அவள் மறக்க வேண்டியவையும் உண்டு. கமகத்துக்காக விரலை மெல்ல இழுத்துத் திறக்கும் பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு சுரமும் நாக்கின் வெட்டோடு தொடங்க வேண்டும். கீழ் ஸ்தாயி ஃபைஃபில் வலுவற்றது, வெளியில் கேட்காது. வாசிப்பு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஸ்தாயிகளில்தான். அதற்கு உதடு இறுக வேண்டும், வயிற்றிலிருந்து காற்று வேகமாக வர வேண்டும். அந்த இறுக்கத்தோடு வீட்டுக்கு வந்து கர்நாடக இசைப் பாடத்துக்கு உட்கார்ந்தால் அவள் குருவுக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் பயிற்சி செய்யவிடாதீர்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஜப்பானியப் பள்ளிகளுக்காக யமஹா செய்யும் பிளாஸ்டிக் ஃபைஃப் மலிவானது, ஒலியும் எளிதில் வரும். ஆனால் அது சி சுருதியில் இருப்பது, கட்டைவிரலுக்கும் துளை உண்டு, விரல் வைப்பு ரெக்கார்டர் குழலைப் போன்றது. அதில் பழகிய பிள்ளை மரபு ஃபைஃபுக்கு வரும்போது பாதியை மறந்து மறுபடி தொடங்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது பி-ஃபிளாட் ஃபைஃப். எல்லாத் துளைகளையும் மூடினால் எழுத்தில் டி என்று குறிப்பார்கள், ஒலிப்பது பி-ஃபிளாட். இதில் பள்ளிக்கு ஒரு மறைமுக வசதி இருக்கிறது. ஃபைஃபில் விரலுக்கு இயல்பான டி மேஜர், ஜி மேஜர் மெட்டுகள் காதுக்கு பி-ஃபிளாட்டும் ஈ-ஃபிளாட்டுமாக ஒலிக்கும். பள்ளிப் பேண்டுக்கு மிகவும் பழகிய இரண்டு சுருதிகளும் அவையே. ஆண்டு விழாவில் பேண்டோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டுமென்றால் பெரிய தடை இருக்காது. எல்லா ஃபைஃபும் ஒரே தயாரிப்பாளரிடம், ஒரே மாதிரியில் வாங்குங்கள். வெவ்வேறு மாதிரிகள் கலந்தால் சுருதி சேரவே சேராது. வெர்மான்ட்டின் பெல்லோஸ் ஃபால்ஸில் இருக்கும் கூப்பர்மேன் நிறுவனம் ஃபைஃபும் கயிறு கட்டிய டிரம்மும் செய்வதில் பெயர்பெற்றது; உங்கள் ஆசிரியர் வேறு இடம் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

டிரம்தான் செலவுக்குரியது. கயிறு இழுத்துக் கட்டிய நல்ல டிரம் ஒன்று பல நூறு டாலர். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. எனவே முதல் ஆறு மாதம் டிரம்மே வேண்டாம். ரப்பர் ஒட்டிய பயிற்சிப் பலகையும் ஒரு ஜோடி கனமான குச்சியும் ஆளுக்குக் கொடுத்தால் போதும். அடிப்படைத் தட்டுகள் ஒவ்வொன்றையும் மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, மறுபடி மெதுவாக்கி முடிக்கும் பயிற்சி பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும். ஆனால் அதற்கு மாற்று இல்லை. பாரடிடில், ஃபிளாம், ராடமக்யூ என்று அந்தத் தட்டுகளின் பெயர்களை வாயால் சொல்லிக்கொண்டே தட்டச் சொல்லுங்கள். நம் மிருதங்க வகுப்பில் சொற்கட்டை வாயில் ஏற்றிவிட்டுக் கைக்கு இறக்குவதைப் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் இது புரியும். இந்தத் தட்டுகள் ஏட்டில் ஏறுவதற்கு முன்பும் ஏறிய பின்பும் வாய் வழியாகவே கைமாறி வந்தன. 1812இல் பாஸ்டனில் சார்லஸ் ஸ்டூவர்ட் ஆஷ்வொர்த் வெளியிட்ட டிரம் பாடநூலில் இருக்கும் பெயர்கள் பல இன்றும் அப்படியே புழங்குகின்றன.

டிரம் வாங்கும் நாள் வந்ததும் கன்றுத்தோல் மேல் ஆசை வைக்காதீர்கள். ஒலி அருமைதான், மழை ஈரத்தில் தொய்ந்துவிடும். வாசிக்கும்முன் கயிற்றில் உள்ள தோல் காதுகளை (கயிறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு தோல் பட்டைகளை) கீழே இழுத்து இறுக்கி, முடிந்ததும் மேலே தள்ளித் தளர்த்த வேண்டும். பள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டும் டிரம்முக்கு அந்தப் பராமரிப்பு கிடைக்காது. செயற்கைத் தோல் போடுங்கள். கயிறும் காதுகளும் இருக்கட்டும், பிள்ளைகள் அதை இழுத்துக் கட்டக் கற்றுக்கொள்ளட்டும். முழு அளவு டிரம் பத்து வயதுப் பிள்ளையின் முழங்காலில் இடிக்கும். உயரம் குறைந்த டிரம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பேரோடு தொடங்குவது நல்லது: எட்டு ஃபைஃப், மூன்று நான்கு ஸ்நேர் டிரம் (குச்சிகளால் தட்டும் சிறு டிரம்), ஒரு பேஸ் டிரம் (காலம் காட்டும் பெரிய டிரம்). விருப்பம் கேட்டால் பத்துப் பேர் டிரம்முக்குக் கைதூக்குவார்கள். அதனால் முதல் இரண்டு மாதம் எல்லாரும் இரண்டையும் பழகட்டும், பிறகு பிரியுங்கள். பேஸ் டிரம்மை வகுப்பிலேயே பெரிய உருவத்துக்குக் கொடுப்பது எல்லா இடத்திலும் நடக்கும் தவறு. காலம் தவறாத பிள்ளை யாரோ அதற்குக் கொடுங்கள். குழு முழுவதும் அந்தத் தட்டின்மேல்தான் நடக்கிறது.

காது பற்றிப் பள்ளி நிர்வாகம் கேட்பதற்கு முன் நீங்களே பேசிவிடுங்கள். அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். மூடிய உடற்பயிற்சிக் கூடத்தில் எட்டு ஃபைஃபும் நான்கு டிரம்மும் ஒலித்தால் அந்தக் கணக்கு விரைவில் தீர்ந்துவிடும். ஃபைஃபும் டிரம்மும் தனித்தனி அறையில் பயிலட்டும், சேர்ந்து வாசிப்பது மைதானத்தில். எல்லாருக்கும் காதடைப்பான் கட்டாயம், ஆசிரியர்களுக்கும்தான்.

என்ன வாசிப்பது என்பதில் நிதானம் தேவை. அரசுப் பள்ளியில் எல்லா வகைப் பிள்ளைகளும் இருப்பார்கள், பழைய ஏடுகளில் எல்லா வகை மெட்டுகளும் இருக்கும். டேனியல் எம்மெட் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதில் ராணுவத்தில் சேர்ந்து இந்தக் கலையைக் கற்றவர். 1862இல் ஜார்ஜ் புரூஸோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஃபைஃப்–டிரம் வழிகாட்டியைக் குழுக்கள் இன்றும் புரட்டுகின்றன. அதே எம்மெட்தான் 1843இல் நியூயார்க்கில் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிப்பாடிய ஒரு குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆகவே ஏட்டில் இருக்கிறது என்பதற்காக எந்த மெட்டையும் எடுத்துவிடக் கூடாது. தலைப்பையும் பிறப்பையும் பாருங்கள். இதை மறைக்கவும் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் இதைப் பேச முடியும்.

வெள்ளைக்காரச் சிறுவர்களின் கலை என்ற தோற்றமே பாதி பொய். வர்ஜீனியாவில் 1723இல் வந்த சட்டம், சுதந்திரக் கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும் ஆயுதம் ஏந்தாமல் டிரம் அல்லது ஊதுகொம்பு வாசிப்பவர்களாக ஊர்ப்படையில் சேரலாம் என்றது. துப்பாக்கி தர மனமில்லாதவர்கள் டிரம்மைக் கொடுத்தார்கள். மாசசூசெட்ஸின் பார்சிலாய் லூ என்ற கறுப்பின இசைஞர் விடுதலைப் போரில் ஃபைஃபும் டிரம்மும் வாசித்தார். பங்கர் ஹில் சண்டையில் இருந்தவர். அடிமையாகப் பிறந்த ஜோர்டன் நோபிள் 1815இல் நியூ ஆர்லியன்ஸ் போரில் இளம் டிரம்காரர். வடக்கு மிசிசிப்பி மலைநாட்டில் இந்த மரபு ஆப்பிரிக்கத் தாளத்தோடு கலந்து வேறொன்றாகவே வளர்ந்தது. அங்கே ஓதர் டர்னர் என்ற கறுப்பின இசைஞர் நாணல் மூங்கிலை வெட்டி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளையிட்டுத் தன் ஃபைஃபைத் தானே செய்தார். 1992இல் தேசிய மரபுக்கலை விருது பெற்ற அவர், 2003இல் இறக்கும்வரை ஆட்டுக்கறி விருந்தோடு வாசித்துவந்தார். இப்போது அந்தக் குழுவை நடத்துபவர் அவருடைய பேத்தி ஷார்டே தாமஸ். அணிவகுப்பு அல்ல, ஆட்டம் அது. உங்கள் பிள்ளைகள் இரண்டையும் கேட்கட்டும். எந்தப் பிள்ளையும் ‘இது என் தாத்தா காலத்துக் கலையல்ல’ என்று ஓரமாக நிற்கும் நிலை அதற்குப் பிறகு குறையும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. வில்லியம்ஸ்பர்க் குழு 1999 வரை பெண் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை, வரலாற்று நம்பகத்தன்மை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கு 1972ஆம் ஆண்டின் பாலினச் சமத்துவச் சட்டம் பொருந்தும். உங்கள் விதிகளில் அப்படி ஒரு வரிக்கு இடமே இல்லை. துப்பாக்கியும் வாளும் ஏந்திய கொடிக்காவலர்களை வெளிக் குழுக்களில் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் மாதிரித் துப்பாக்கிகூட வேண்டாம். குழுத் தலைவர் கையில் ஈட்டிக்குப் பதில் வெறும் கோல் போதும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை குறைவு: வாரம் ஒரு அறை, பூட்டுள்ள அலமாரி, காப்பீட்டுக்குள் சேர்க்கும் கடிதம், பொறுப்பாசிரியர் ஒருவர். வெளி ஆசிரியர்கள் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டியிருக்கும். அதற்கு நேரம் எடுக்கும், கோடையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

செப்டம்பரில் தொடங்கினால் மே மாதக் கடைசியில் வரும் நினைவு நாள் அணிவகுப்புக்கு ஊரார் உங்களைக் கூப்பிடுவார்கள். முதல் ஆண்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். நடந்துகொண்டே ஃபைஃப் ஊதும்போது ஒவ்வொரு அடிக்கும் குழல் உதட்டைவிட்டு நகரும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்குப் பதிலாக நூலகத்தின் முன்னோ நகர மன்றப் புல்வெளியிலோ நின்று, இரண்டு எளிய மெட்டு வாசித்தால் போதும். ‘யாங்கி டூடில்’ அதில் ஒன்றாக இருந்தால் கூட்டம் தானே கைதட்டும். ஃபைஃப் பிள்ளைகள் தடுமாறினாலும் டிரம் நிற்கக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் பள்ளி ஓட்டப் பாதையைச் சுற்றி நடக்கப் பழக்குங்கள்: முதலில் டிரம் மட்டும், பிறகு ஃபைஃப். வெயிலில் அரை மைல் தாங்குகிற அளவுக்குத் தேறியவர்களை மட்டும் அந்த ஆண்டு அணிவகுப்புக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் தண்ணீர்ப் புட்டிகளோடு பக்கத்தில் நடக்கட்டும்.